வெந்நீருக்கு வந்த செலவு

கெய்சர் கெட்டுப்போவதற்கும் ஒரு நேரம் காலம் வேண்டாமா? டிசம்பரில் கெட்டால் நாலு பேர் பரிதாபப்படுவார்கள். எங்கள் வீட்டு கெய்சர் ஆனி மாதத்து மழையில், ஞானேஸ்வர் பால்கி ஊர்வலம் ஆளந்தியிலிருந்து புறப்படுகிற வாரமாகப் பார்த்துப் போய்ச் சேர்ந்தது. பால்கி புனேவுக்குள் வருகிற பாதையே எங்கள் விஷ்ராந்த்வாடி வழியாகத்தான். அன்றைக்கு ஆளந்தி ரோட்டில் தாளமும் அபங்கமும் போகலாம், மெக்கானிக்கின் ஸ்கூட்டர் போக முடியாது. "ரஸ்தா பந்த் ஹை மேடம், கல் பக்கா" என்றார். அந்த 'பக்கா' எத்தனை முறை தள்ளிப்போனது என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் ரத்தக் கொதிப்பு ஏறும். வீட்டில் கொதிக்க வேண்டியது அது இல்லை.

சென்னையிலிருக்கும் தங்கையிடம் போனில் புலம்பினால், "ஜூன் மாசம் வெந்நீர் எதுக்குக்கா?" என்கிறாள். அவளுக்கென்ன, மே மாதம் குழாயைத் திறந்தாலே மேல்தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். ஆறவைத்துக் குளிக்கிற ஊர். இங்கே முதல் மழை விழுந்ததும் தண்ணீரில் ஒரு சில்லிப்பு இறங்கிவிடும், மார்ச் வரைக்கும் போகாது. அதோடு என் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் தகராறு. "ஏளா, பச்சத்தண்ணியில நான் எப்படிக் குளிக்க?" என்று அத்தை கேட்டால் அதற்கு மழைக்காலம் வெயில்காலம் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

"மாடியில்தான் சோலார் இருக்கிறதே" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. இருக்கிறது. புதுக் கட்டடம் என்றால் சூரிய வெந்நீர் கருவி வைக்க வேண்டும் என்பது விதி. பில்டர் வைத்தார், பிளாட் விலையில் சேர்த்தும் வாங்கிவிட்டார். சோலார், மழைநீர் சேகரிப்பு, மண்புழு உரக்குழி இவற்றில் ஒன்று இருந்தால் சொத்து வரியில் 5 சதவீதம், இரண்டு இருந்தால் 10 சதவீதம் என்று மாநகராட்சி தள்ளுபடிகூடத் தருகிறது. தள்ளுபடி ஒழுங்காக வருகிறது, வெந்நீர்தான் வருவதில்லை. நாங்கள் இருப்பது முதல் மாடி. மொட்டை மாடியிலிருந்து எங்கள் குளியலறை வரை இறங்குகிற குழாய்க்குள் ராத்திரி முழுக்க ஆறிக் கிடக்கிற தண்ணீர் அத்தனையும் வெளியே வந்த பிறகுதான் சூடு தலைகாட்டும். இரண்டு பக்கெட் பச்சைத் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தால், அதற்குள் மேல் மாடிக்காரர்கள் குளித்து முடித்து டேங்கைக் காலி செய்திருப்பார்கள். குளிர்காலத்தில் ஏழு மணிக்கெல்லாம் கதை முடிந்துவிடும். மழைக்காலத்தில் கதை தொடங்குவதே கிடையாது. ஆக மேலே ஒன்று, வீட்டுக்குள் ஒன்று என்று வெந்நீருக்கு இரண்டு கருவிக்குப் பணம் கட்டிவிட்டு, அடுப்பில் அலுமினியக் குண்டானை ஏற்றி வைத்துக்கொண்டு நின்றோம்.

மெக்கானிக் ஒருவழியாக வந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சுவரிலிருந்து கெய்சரை இறக்கி, குளியலறைத் தரையில் கவிழ்த்து, அடித் தட்டின் போல்ட்டுகளைக் கழற்றி காயிலை வெளியே இழுத்தார். இழுத்தார் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன், அது வரவே இல்லை. ஸ்குரூ டிரைவரால் சுற்றிலும் குத்தி, அசைத்து, பொறுபொறுவென்று சத்தத்தோடு உருவினார். காயிலைக் காணோம். அதன்மேல் விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு, புற்று வைத்ததுபோல் ஏறியிருந்தது. டேங்கைக் கவிழ்த்து உலுக்கினால் வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள் கொட்டி அரை மக்கு நிறைந்தது. பக்கத்திலேயே ஒரு மெல்லிய இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. "இது என்ன?" என்றேன். "ஆனோட் ராடு காக்கு. இருந்தது, இப்ப இல்லை" என்று ஹிந்தியில் சொன்னார்.

அந்த ராடு மக்னீசியத்தில் செய்வது. துருவுக்குத் தன்னைக் கொடுத்துவிட்டு டேங்கைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. தண்ணீரில் இருக்கிற உப்பு அதைத்தான் முதலில் தின்னும். அது தீர்ந்த பிறகு டேங்குக்கு வரும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ராடைக் கழற்றிப் பார்த்து மாற்றினால் கெய்சர் இன்னும் பல காலம் ஓடும். செலவு சில நூறு ரூபாய். இந்த விஷயத்தை விற்றவர் சொல்லவில்லை, வருஷா வருஷம் சர்வீஸுக்கு வந்து மேலே துணியால் துடைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போனவரும் சொல்லவில்லை. டேங்கில் ஊசிமுனை ஓட்டை விழுந்த பிறகு, அதுவும் நான் கேட்டதால், இந்தப் பையன் சொல்கிறான்.

எங்கள் தண்ணீர் கதை தனி. 2021 ஜனவரி 1-ஆம் தேதி பாமா ஆஸ்கெட் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். கேட் தாலுகாவில் இருக்கிற அணையிலிருந்து இந்தக் கிழக்குப் பக்கத்துக்கெல்லாம் தண்ணீர் வரும் என்றார்கள். வந்தது, பழையபடி திண்டாட்டமும் இல்லை. ஆனால் எங்கள் சொசைட்டியின் தரைத்தொட்டியில் அணைத் தண்ணீர் மட்டுமா விழுகிறது? போர்வெல் தண்ணீர், ஏப்ரல் மே என்றால் டேங்கர் தண்ணீர், எல்லாம் ஒன்றாய்க் கலந்து மேலே ஏறுகிறது. ஸ்டீல் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தால் காய்ந்ததும் வெள்ளை வளையம். இந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கிற கால்சியமும் மக்னீசியமும் படிவாகப் பிரிந்து காயில்மேல் உட்காருகிறது. சூடு ஏற ஏற வேகமாகப் படியும். தெர்மோஸ்டாட்டை 75-இல் வைத்தால் சீக்கிரம் சாகும், 55, 60 என்று வைத்தால் கொஞ்சம் தாமதமாகச் சாகும். படிவு ஏறிய காயில் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்து அறுந்துபோகும்.

வாரண்டி அட்டையை அன்றைக்குத்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் வருஷக் கணக்கு: டேங்குக்கு இத்தனை, காயிலுக்கு இத்தனை. பின்பக்கம் எறும்பு எழுத்தில், உப்புத் தண்ணீரால் வருகிற கோளாறுக்கு இது பொருந்தாது. புனேவின் பாதிப் பேட்டைகளில் ஓடுவது என்ன, கங்கா தீர்த்தமா?

சரி, புதிது வாங்குவோம் என்று கடைக்குப் போனால் வேறொரு உலகம். நுழைந்ததும் விற்பனைப் பையன் கேட்ட முதல் கேள்வி, "வைஃபை வேணுமா மேடம்?" ஆபீஸிலிருந்து கிளம்பும்போதே போனில் கெய்சரைப் போட்டுவிடலாமாம். எங்கள் வீட்டில் குளிக்கிறவர்கள் யாரும் ஆபீஸிலிருந்து வந்து குளிப்பதில்லை. அடுத்தது கலர். பிறகு சூட்டுக்கு ஏற்ப நிறம் மாறுகிற விளக்கு. பிறகு மாதத் தவணை, வட்டியில்லாத் தவணை, பிராசஸிங் கட்டணத்தோடு வட்டியில்லாத் தவணை. கடைசியாக, இன்னும் ரெண்டு வருஷம் வாரண்டியை நீட்டித்துத் தர ஒரு தொகை. உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று மட்டும் கேட்கவில்லை. எத்தனை பேர், பக்கெட்டா ஷவரா, எந்த மாடி, பிரஷர் பம்ப் இருக்கிறதா, பழைய பைப் இரண்டுக்கும் நடுவே எத்தனை அங்குலம், இவற்றில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. உயரக் கட்டடத்தில் 8 பார் அழுத்தம் தாங்குகிற டேங்க் வேண்டும், குறைந்தது வெடிக்காமலாவது இருக்க பிரஷர் வால்வு ஒழுங்காக இருக்க வேண்டும். இதை நான்தான் அவருக்குச் சொன்னேன்.

நட்சத்திரக் கூத்து இன்னொன்று. "ஃபைவ் ஸ்டார், கரண்ட் பில் பாதியாகும்" என்றார். ஆகாது. கெய்சரில் ஒட்டியிருக்கும் நட்சத்திரம், சூடான தண்ணீரை அப்படியே வைத்திருந்தால் ஒரு நாளில் எவ்வளவு சூடு வெளியே கசிகிறது என்பதற்குக் கொடுக்கிற மதிப்பெண். நாள் முழுக்க ஆன் செய்து வைக்கிற வீட்டுக்கு அது பெரிய லாபம். குளிக்கிற நேரத்துக்குப் போட்டு உடனே அணைக்கிற நம் வீடுகளில் ஒரு நட்சத்திரத்துக்கும் ஐந்து நட்சத்திரத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ அதை எந்த நட்சத்திரமும் குறைக்க முடியாது.

என் வீட்டுக்காரருக்குக் கணக்கு என்றால் கரும்பு. ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து போட்டார். நாலு பேர், ஆளுக்கு ஒரு பக்கெட், 20 லிட்டர். குழாய்த் தண்ணீர் 20 டிகிரி, குளிக்க 40 டிகிரி. மொத்தம் 80 லிட்டரை 20 டிகிரி ஏற்ற கிட்டத்தட்ட 1.9 யூனிட். மாதத்துக்கு 56 யூனிட். 15 லிட்டர் கெய்சரில் 60 டிகிரிக்கு ஏற்றிய தண்ணீரைச் சரிக்குச் சரி கலந்தால் ஒன்றரை பக்கெட் வரும். இரண்டு கிலோவாட் காயில் அதற்கு இருபது நிமிஷத்துக்கு மேல் எடுக்கும். ஆகவே 15 போதும், 25 வேண்டாம், ஒருவர் குளித்துவிட்டு அடுத்தவர் காத்திருந்தால் ஆயிற்று. இதெல்லாம் சரி. ஆனால் இங்கே மின்சாரம் தருகிற மகாவிதரணின் கட்டணம் 100 யூனிட் வரைக்கும் ஒரு விலை, 101-லிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரிட்ஜும் மிக்ஸியும் வாஷிங் மெஷினும் அந்த நூறை ஏற்கெனவே தின்றுவிடுவதால், வெந்நீரின் 56 யூனிட்டும் இரட்டை விலையில்தான் விழுகிறது. தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று என் தங்கை ஒவ்வொரு தடவையும் நினைவூட்டுவாள். நினைவூட்டட்டும்.

கேஸ் கெய்சர் வைத்தால் செலவு ஏறக்குறைய பாதி. அதையும் இவர் கணக்குப் போட்டார், 14.2 கிலோ சிலிண்டர் வெந்நீருக்கு மட்டும் என்றால் இரண்டு மாதத்துக்கு மேலேயே வரும். வேண்டாம் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். நான்குக்கு ஏழடி குளியலறை, கையகல ஜன்னல், அதையும் புறா வராமலிருக்க அடைத்து வைத்திருக்கிறோம். கேஸ் எரிந்தால் காற்று வேண்டும். காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கதவைத் தாழிட்டுக் குளித்தவர் வெளியே வரவில்லை என்ற செய்தி குளிர்காலத்துப் பேப்பரில் வந்துகொண்டுதான் இருக்கிறது. வெளியே பால்கனியில் மாட்டிப் பைப் இழுக்கலாம் என்றால் சொசைட்டியில் சுவரைத் துளைக்க அனுமதி, அதற்கொரு விண்ணப்பம். ஹீட் பம்ப் என்று ஒன்று சொல்கிறார்கள், மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் வேலை முடியுமாம். நல்லதுதான். அதன் விலையையும் அதை வைக்கிற இடத்தையும் பார்த்தால் ஹோட்டல்காரர்களுக்கு ஆகும். பக்கெட்டுக்குள் தொங்கவிடும் ராடு பற்றி மாடி வீட்டுக்காரர் யோசனை சொன்னார். பொடிசுகள் ஓடுகிற வீட்டில் அதைப் பற்றிப் பேசவே கூடாது.

இத்தனையையும் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அத்தைக்கு ஒரே சிரிப்பு. அம்பாசமுத்திரத்து வீட்டின் பின்கட்டில் இருந்த செம்பு பாய்லரைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். நடுவில் புகைக்குழாய், சுற்றிலும் தண்ணீர், அடியில் சாம்பல் தட்டு. தென்னம்பாளையும் சிரட்டையும் போட்டு எரிய விட்டால் போதும். புனல் வழியே ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மறுபக்கம் ஒரு செம்பு வெந்நீர் விழும், அதனால் பாத்திரம் வற்றவே வற்றாது. தீபாவளிக்கு முந்தின நாள் புளி போட்டுத் தேய்த்து வைப்பார்களாம். "உங்க மாமாவுக்க அம்மா காலத்து பாய்லர். ஒரு தடவைகூட ரிப்பேர்னு எடுக்கல." எப்படி எடுப்பார்கள்? அது தாமிரபரணித் தண்ணீர், அத்தை. உப்பில்லாத தண்ணீருக்கு எந்தப் பாத்திரமும் நிலைக்கும். புனேக்காரர்களுக்கும் இதே சாமான் உண்டு, பம்ப் என்பார்கள். கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி என்று செம்பு தட்டுகிறவர்களின் தெருவே இருக்கிறது. எதிர்வீட்டு ஜோஷி காக்கு தன் மாமியாரின் பம்பைப் பளபளவென்று தேய்த்து ஹாலில் நிறுத்தி, மேலே மணி பிளாண்ட் வைத்திருக்கிறார். வெந்நீருக்கு அவரும் என்னைப்போல மெக்கானிக்குக்குத்தான் போன் போடுகிறார்.

வரி விஷயமும் வயிற்றெரிச்சல்தான். 2018 ஜூலை வரைக்கும் கெய்சருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், ஆடம்பரச் சாமானோடு சேர்த்து வைத்திருந்தார்கள். பிறகு 18 ஆக்கினார்கள், அங்கேயே நிற்கிறது. சோலார் ஹீட்டருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். சொந்தக் கூரை இருக்கிறவருக்கு 5, பிளாட்டில் முதல் மாடியில் இருக்கிறவருக்கு 18.

கடைசியில் ஐஎஸ்ஐ முத்திரை, 15 லிட்டர், 8 பார், கண்ணாடிப் பூச்சு உள்ள டேங்க், வைஃபை இல்லாதது என்று ஒன்றைப் பிடித்தோம். விலை ரூ. 8,400. இதைத்தான் இவர் பட்ஜெட் என்று எழுதி வைத்திருந்தார். மாட்ட வந்த ஆள் சுவரைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். பழைய போல்ட் ஓட்டைகள் பொருந்தவில்லை, டைல்ஸில் புதிதாகத் துளைக்க வேண்டும். ஒரு டைல் விரிந்தது. பைப் இணைப்புகள் பெட்டியில் வராது, தனி. சேஃப்டி வால்வு பெட்டியில் வரும், அதை மாட்ட வேண்டிய அடாப்டர் தனி. ப்ளக்கைக் கழற்றினால் உள்ளே கருகிக் கிடக்கிறது. இத்தனை நாள் தீப்பிடிக்காதது சாமி புண்ணியம். இரண்டு கிலோவாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 16 ஆம்ப் சாக்கெட்டும் உரிய கனத்தில் ஒயரும் வேண்டும். பில்டர் போட்டிருந்தது விளக்குக்குப் போடுகிற ஒயர். ஆக எலக்ட்ரீஷியன் தனி, ஒயர் தனி, எம்சிபி தனி. "இன்ஸ்டாலேஷன் ஃப்ரீ" என்று கடையில் சொன்னது பொய் இல்லை; சுவரில் தொங்கவிடுவது ஃப்ரீ, தண்ணீரும் மின்சாரமும் வருவதற்குத்தான் காசு.

பழையதைக் கொடுத்தால் ரூ. 500 கழிவு என்றார்கள். பங்கார்வாலாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். தட்டிப் பார்த்தார். அந்தக் காலத்துச் செம்பு டேங்க் என்றால் வாசலிலேயே காசை எண்ணியிருப்பார்; இது இரும்பு என்று தெரிந்ததும் "நக்கோ தாயி" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அந்த ஐந்நூறையே வாங்கிக்கொண்டோம்.

புது ஆள் கிளம்பும்போது, ஆனோட் ராடை எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அவர் வந்ததிலிருந்து முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "இந்த ஏரியாவா? ரெண்டு வருஷம். அதுவே ஜாஸ்தி." அதை வாரண்டி அட்டையின் மேலேயே பேனாவால் எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தந்தார். அச்சடித்தவர்கள் சொல்லாததை அந்த அட்டையில் இப்போது பால்பாயிண்ட் சொல்கிறது.

இவர் மேஜையில் மறுபடி கூட்டுகிறார்: கெய்சர் 8,400, பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஒயர், எம்சிபி, சாக்கெட், டைல் ஒட்டுகிறவர், மாட்டிய மறுநாளே ஒழுகிய இணைப்பை மாற்றியது. 13,000-ஐத் தாண்டிவிட்டது. அதற்குள் சொசைட்டி குரூப்பில் செக்ரட்டரியின் அறிவிப்பு: சோலாரில் டியூப்கள் உடைந்திருக்கின்றன, டேங்கிலும் உப்பு படிந்துவிட்டது, மாற்ற வேண்டும், பங்குத் தொகையைப் பேச ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம், எல்லா பிளாட்டுக்கும் சமப் பங்கு. முதல் மாடியும் சேர்த்தா என்று கேட்டுப் போட்டிருக்கிறேன். இரண்டு நீல டிக் வந்துவிட்டது, பதில் வரவில்லை.